குப்பைக்கு விலை வந்தபோது

மாட்டுத் தீவனக் கடையில் சாக்கைப் பிரித்துக் கையை விட்டால் வழுவழுப்பான குட்டிக் குச்சிகள் வரும். பிண்ணாக்கு, தவிடு, மக்காச்சோளம் எல்லாவற்றையும் அரைத்து, கொஞ்சம் நீராவி காட்டி, துளை போட்ட தடித்த எஃகு வளையத்துக்குள் கொட்டி, உள்ளே சுழலும் இரும்பு உருளைகளால் அந்தத் துளைகள் வழியே நெருக்கித் தள்ளினால் கிடைப்பது அது. அதே மாதிரி இயந்திரத்தில் தவிட்டுக்குப் பதிலாக மரத்தூளையோ பொடித்த வைக்கோலையோ கொட்டினால் வெளியே வருவது எரிபொருள். பெல்லட் என்ற ஒரே பெயர்தான் இரண்டுக்கும். மாடு தின்றால் தீவனம், கொதிகலன் தின்றால் எரிபொருள்.

இன்றைக்கு இந்தக் குச்சி உலகச் சந்தைச் சரக்கு. அமெரிக்காவின் தென்மாநிலக் காடுகளிலிருந்து கப்பல் கப்பலாக இங்கிலாந்துக்குப் போகிறது. டெல்லியின் நவம்பர் மாதப் புகைக்கு மருந்தாக நம் அரசாங்கம் முன்வைப்பவற்றில் இதுவும் ஒன்று. இதன் வரலாற்றைத் தேடிப் போனால் இயந்திரத்தின் கதை சீக்கிரமே முடிந்துவிடுகிறது. அடிப்படை யோசனை 1880-லேயே காப்புரிமை ஏட்டில் ஏறிவிட்டது. அதற்குப் பிறகான நூற்று நாற்பது வருடங்களும் பெரும்பாலும் ஒரு சொல்லைச் சுற்றிய தகராறுதான். அந்தச் சொல், கழிவு. எது கழிவு, யாருக்குக் கழிவு, அதை யார் தீர்மானிப்பது?

1. பசை இல்லாமல் ஒட்டுவது

நம் ஊருக்கு இந்த யோசனை புதிதல்ல. வறட்டி தட்டுவதும் இதேதான். சாணத்தில் உமியோ வைக்கோல் கூளமோ சேர்த்துப் பிசைந்து, சுவரில் அறைந்து, காயவைத்து, அடுக்கி வைத்தால் மழைக்காலத்துக்கு ஆகும். உதிரியைச் சேர்ப்பது, உருவம் கொடுப்பது, ஈரத்தை எடுப்பது, அடுக்கி வைப்பது. பெல்லட் ஆலையில் கோடிக்கணக்கில் செலவு செய்து நடப்பதும் இந்த நான்கு வேலைகள்தான். ஒரு வித்தியாசம், வறட்டியில் சாணமே பசை. பெல்லட்டுக்குப் பொதுவாக வெளியிலிருந்து பசை வேண்டியதில்லை.

செடி, மரம் எல்லாவற்றின் உடம்பிலும் லிக்னின் என்றொரு பொருள் இருக்கிறது. மரத்தின் உலர்ந்த எடையில் ஏறக்குறைய கால்வாசி இதுதான். செல்லுலோஸ் இழைகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் சிமென்ட் மாதிரி. கொஞ்சம் ஈரமும் 100 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூடும் சேர்ந்தால் இது இளகும். துளைக்குள் நெருக்கும்போது உராய்விலேயே அந்தச் சூடு வந்துவிடுகிறது. வெளியே வந்து ஆறினால் மறுபடி இறுகிக்கொள்ளும். குச்சியின் மேல் தெரிகிற பளபளப்பு அப்படி இளகி இறுகிய லிக்னின். உள்ளே போகும் தூளில் ஈரம் பத்து சதவீதத்தைச் சுற்றி இருக்க வேண்டும். கூடினால் நீராவி குச்சியைப் பிளந்துவிடும், ரொம்பக் குறைந்தால் துளை அடைத்துக்கொள்ளும். முறுக்குப் பிழியத் தெரிந்தவர்களுக்கு இந்தப் பதத்தைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

எதுக்கு இவ்வளவு பாடு, வைக்கோல் அப்படியே எரியாதா என்று கேட்கலாம். எரியும். பிரச்சினை அடுப்பில் இல்லை, லாரியில் இருக்கிறது. தளர்வான வைக்கோல் ஒரு கன மீட்டருக்கு நூறு கிலோகூட வராது. பெல்லட் அறுநூறு கிலோவுக்கு மேல் வரும். பாதி சாலையை அடைத்துக்கொண்டு ஆடி ஆடிப் போகும் வைக்கோல் லாரியைப் பார்த்திருப்பீர்கள். அதில் பெரும்பகுதி காற்று. காற்றைச் சுமக்கத்தான் டீசல் செலவாகிறது. நிலக்கரி உலகை ஆண்டதற்கு அதன் சூடு மட்டும் காரணமில்லை. சின்ன இடத்தில் நிறைய அடங்கியது, மழையில் நனைந்தாலும் பெரிதாகக் கெடவில்லை, வருஷம் முழுக்கக் கிடைத்தது. தாவரக் கழிவுக்கு இந்த மூன்றுமே இல்லை. முதல் குறையை மட்டும் பெல்லட் தீர்க்கிறது. இரண்டாவதில் அது இன்னும் மோசம், தண்ணீர் பட்டால் ஊதி மறுபடி தூளாகிவிடும்.

1880-இல் சிகாகோவைச் சேர்ந்த வில்லியம் ஸ்மித் என்பவர் ஒரு அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார். மரத்தூளை 66 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, நீராவிச் சம்மட்டியால் அடித்து, நிலக்கரி அளவுக்கு அடர்த்தியாக்குவது. சூடு, அழுத்தம், பசை கிடையாது. எல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் அது பெருந்தொழிலாக வளரவில்லை. நிலக்கரி மலிவாகக் கொட்டிக்கிடந்த காலத்தில் செயற்கையாக ஒரு நிலக்கரி செய்து யாருக்கு விற்பது?

2. புகையும் கூம்புகள்

இதற்கு முதல் நல்ல பதில் அரை நூற்றாண்டு கழித்து அமெரிக்காவின் வடமேற்கில் கிடைத்தது. அங்கே மர அறுவை ஆலைகளுக்குத் தலைவலி வேறு மாதிரி. உருண்டையான மரத்தைச் சதுரமான பலகையாக அறுத்தால் கிட்டத்தட்ட பாதிதான் பலகை, மிச்சம் தூளும் சிராயும் பட்டையும். அதை எரித்துத் தொலைப்பதற்கென்றே ஆலை வாசலில் பிரம்மாண்டமான இரும்புக் கூம்புகளைக் கட்டினார்கள். பூர்வகுடிகளின் கூடாரம் போல இருந்ததால் டீப்பீ பர்னர் என்று பெயர். கழிவை அழிக்க மட்டும் கட்டிய அடுப்பு. அதன் சூட்டில் எதுவும் வேகவில்லை, எந்தச் சக்கரமும் சுழலவில்லை.

ஐடஹோ மாநிலத்தின் லூயிஸ்டனில் பாட்லாட்ச் என்ற மர நிறுவனத்தின் பொறியாளர் ராபர்ட் பௌலிங், 1930-ஐ ஒட்டி ஒரு இயந்திரத்தை உருவாக்கினார். திருகால் தூளை நெருக்கி அச்சுக்குள் திணித்து, இறுகிய பிறகு கட்டையாக வெளியே எடுப்பது. நான்கு அங்குல விட்டம், ஓரடி நீளம், மூன்றரை கிலோவுக்குக் கொஞ்சம் மேல். பிரஸ்-டு-லாக்ஸ் என்ற பெயரில் வீட்டு அடுப்புகளுக்கு விற்றார்கள். ரயில்களின் சமையல் பெட்டிகளிலும் இது எரிந்தது. பொருளாதார மந்தம் கழுத்தைப் பிடித்திருந்த அந்த வருடங்களில், எரித்து அழிக்கச் செலவு வைத்த ஒரு பொருள் காசு கொண்டுவந்தது.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த விஷயம் அதன் நேர்மை. அங்கே கழிவு என்றால் சந்தேகமில்லாமல் கழிவு. கூம்புக்குள் போய்ப் புகையாக வேண்டியது, ஒரு வீட்டைச் சூடாக்கிவிட்டுப் புகையானது. யாருடைய பங்கையும் பிடுங்கவில்லை.

ஆனால் அந்த நிலைமை நீடிக்கவில்லை. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு மரத்தூளையும் சிராயையும் பிசினோடு சேர்த்துப் பலகையாக்கும் தொழில் வளர்ந்தது. நம் வீடுகளில் மலிவு மேசையாகவும் அலமாரியாகவும் நிற்கும் பார்ட்டிகிள் போர்டு அதுதான். காகித ஆலைகளும் சிராயை வாங்கின. 1970-இன் காற்றுத் தூய்மைச் சட்டத்துக்குப் பிறகு கூம்புகள் ஒவ்வொன்றாக அணைந்தன. மரத்தூள் அதேதான், ஆலை அதேதான். கழிவு என்ற பெயர் மட்டும் போய், துணைப்பொருள் ஆயிற்று. கழிவு என்பது ஒரு பொருளின் குணமே இல்லை. வாங்க ஆள் வராத வரைக்கும் அது வைத்திருக்கும் தற்காலிகப் பெயர்.

3. எண்ணெய் ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும்

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. பீப்பாய்க்கு 3 டாலரைச் சுற்றி இருந்த விலை அடுத்த ஜனவரிக்குள் 12 டாலரை நெருங்கியது. அதுவரை யாரும் கண்டுகொள்ளாத யோசனைகளுக்கெல்லாம் திடீரென்று முதலீடு கிடைத்தது. ஒரேகான் மாநிலத்தில் உட்டெக்ஸ் என்ற பெயரில் மரக்கழிவுப் பெல்லட்கள் வந்தன. ருடால்ஃப் கன்னர்மேன் என்பவர் இதற்கான காப்புரிமையை 1977-இல் பெற்றார். தீவனத் தொழிலில் ஏற்கெனவே தேறியிருந்த வளைய அச்சு இயந்திரத்தை எரிபொருள் பக்கம் திருப்பியதுதான் இந்தக் காலத்தின் பெரிய காரியம். 1980-களில் போயிங்கில் வேலை பார்த்த ஜெர்ரி விட்ஃபீல்ட் என்ற பொறியாளர் வீட்டுக்கான பெல்லட் அடுப்பைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். ஒரு தொட்டி, அதிலிருந்து அளவாகக் குச்சியை ஊட்டும் திருகு, காற்றுக்கு ஒரு விசிறி. விறகு அடுப்பு முதன்முறையாகத் தானாகவே தீனி எடுத்துக்கொண்டது. எல்லாக் குச்சியும் ஒரே கனம், ஒரே ஈரம் என்பதால்தான் இது சாத்தியமாயிற்று. ஒழுங்கற்ற விறகை நம்பித் தானியங்கி எழுத முடியாது. இன்புட் சுத்தமாக இருந்தால்தான் நிரல் சுத்தமாக ஓடும் என்பது எங்கள் தொழிலின் பழைய பாடம்.

ஸ்வீடனின் நிலைமை இன்னும் தீவிரம். 1970-இல் அந்த நாட்டின் ஆற்றலில் சுமார் முக்கால் பங்கு எண்ணெயிலிருந்து வந்தது, அவர்களிடம் சொந்த எண்ணெய் கிடையாது. காடு உண்டு, அறுவை ஆலைகள் உண்டு. 1982-இல் மோரா என்ற ஊரில் பெல்லட் ஆலை திறந்தார்கள். 1986-இல் மூடிவிட்டார்கள். அந்த ஆண்டுதான் உலக எண்ணெய் விலை சரிந்து பாதிக்கும் கீழே போனது. நான்கு வருடத்தில் குச்சியின் தரம் ஒன்றும் குறைந்துவிடவில்லை. அதன் போட்டியாளன் மலிவாகிவிட்டான், அவ்வளவுதான்.

இங்கேதான் ஸ்வீடன் ஒரு காரியம் செய்தது. 1991-இல் கார்பன் வரி போட்டது. நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் வரி உண்டு, தாவர எரிபொருளுக்குக் கிடையாது. எண்ணெய் விலை எங்கே போனாலும் பெல்லட்டுக்கு அடியில் ஒரு தரை கிடைத்துவிட்டது. ஊருக்கே வெந்நீர் குழாய் ஓடும் நகரங்களில் கொதிகலன்கள் மாறின. ஸ்டாக்ஹோமின் ஹெசல்பி நிலையம் நிலக்கரியிலிருந்து பெல்லட்டுக்கு வந்தது. மரத்தூளுக்குக் கிராக்கி கூடியது. ஐரோப்பாவின் பலகை ஆலைகள் எங்கள் மூலப்பொருளை அரசாங்கக் காசில் எரிக்கிறார்கள் என்று குரல் கொடுக்க ஆரம்பித்தன. மரத்தூள் மேசையானால் கார்பன் பல வருடம் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும். அடுப்பில் போட்டால் அன்றைக்கே வானத்துக்குப் போகும். இது வெறும் வியாபாரப் புலம்பல் இல்லை. கழிவு என்று அழைக்க இனி மரத்தூள் மிச்சமில்லை என்பதன் அறிவிப்பு.

4. பூஜ்யமும் வெற்றிடமும்

நிரல் எழுதுகிறவர்களுக்கு ஒரு பழைய எரிச்சல் உண்டு. ஒரு கட்டத்தில் 0 என்று இருந்தால், மதிப்பு பூஜ்யம் என்று அர்த்தமா, இந்தத் தகவல் இங்கே இல்லை என்று அர்த்தமா? இரண்டும் ஒன்றல்ல. முதலாவது ஒரு எண், இரண்டாவது ஒரு வெற்றிடம். வெற்றிடத்தைப் பூஜ்யமாக எடுத்துக் கூட்டல் போட்டால் கணக்கு சத்தமே இல்லாமல் தப்பாகப் போகும்.

பெல்லட்டின் நவீன வரலாறு இந்தக் குழப்பத்தின் மேல் கட்டியது. நாடுகள் தங்கள் கரியமில வாயுக் கணக்கை ஐநாவுக்குக் கொடுக்கும்போது ஒரு விதி உண்டு. மரத்தை எரித்தால் வரும் வாயுவை ஆற்றல் கணக்கில் சேர்க்க வேண்டாம், மரம் வெட்டப்பட்ட இடத்தின் நிலக் கணக்கில் அது ஏற்கெனவே வந்துவிடும். ஒரே வாயுவை இரண்டு முறை எண்ணக் கூடாது என்பதற்கான நியாயமான ஏற்பாடு. ஆற்றல் கட்டத்தில் இருந்த 0-வுக்கு அர்த்தம், 'வேறு பக்கம் பார்க்கவும்'.

1997-இன் கியோட்டோ உடன்படிக்கையும் அதன்பின் வந்த ஐரோப்பியத் திட்டங்களும் அந்த 0-வை எண்ணாகப் படித்தன. மரம் எரித்தால் வெளியேற்றம் பூஜ்யம். அமெரிக்கா கியோட்டோவை ஏற்று உறுதிசெய்யவே இல்லை. ஆக, அமெரிக்காவில் மரம் வெட்டி இங்கிலாந்தில் எரித்தால், எரித்தவன் ஏட்டில் பூஜ்யம், வெட்டியவனுக்குக் கட்டுப்படுத்தும் ஏடே கிடையாது. 2009-இல் டிமதி சர்ச்சிங்கரும் சக ஆய்வாளர்களும் 'சயன்ஸ்' இதழில் இதைக் காலநிலைக் கணக்கின் முக்கியமான பிழை என்று சுட்டிக்காட்டினார்கள். அதே 2009-இல்தான் ஐரோப்பிய ஒன்றியம் தன் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆணையை நிறைவேற்றியது.

இங்கிலாந்தின் வடக்கு யார்க்ஷயரில் டிராக்ஸ் மின்நிலையம் இருக்கிறது. ஒவ்வொன்றும் 660 மெகாவாட் கொண்ட ஆறு அலகுகள், ஒரு காலத்தில் மேற்கு ஐரோப்பாவிலேயே பெரிய நிலக்கரி நிலையம். 2013-இலிருந்து ஒவ்வொரு அலகாக நான்கை மரப் பெல்லட்டுக்கு மாற்றினார்கள். வருடத்துக்கு அறுபது எழுபது லட்சம் டன் தேவைப்பட்டது. அரசு மானியம் நூறு கோடிகளில் ஓடியது, பவுண்டில். இவ்வளவு மரத்தூளை எந்த அறுவை ஆலையும் தர முடியாது. அமெரிக்காவின் லூசியானா, மிசிசிப்பி, வட கரோலைனா பக்கம் ஆலைகள் முளைத்தன. தூள், சிராய் போக, பலகைக்கு லாயக்கில்லாத முழு மரமும் உள்ளே போனது. கோணல் மரம், மெலிந்த மரம், தோட்டத்தில் களைந்தெடுத்த மரம். நிறுவனங்களின் அறிக்கைகளில் இவற்றுக்குக் குறைமதிப்பு மரம் என்று பெயர். ஐடஹோவில் கழிவு என்றால் வாசலில் குவிந்த தூள். இங்கே அந்தச் சொல் காட்டுக்குள் நடந்துபோய், நின்றுகொண்டிருக்கிற மரத்தைத் தொட்டுவிட்டது.

ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எரிக்கும் இடத்தில் கணக்கெடுத்தால் மரம் நிலக்கரியைவிட அதிகக் கரியமில வாயுவை விடுகிறது. திரும்ப ஒரு மரம் வளர்ந்து அதை உறிஞ்சிவிடும் என்பது உண்மை. ஆனால் அதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். கடனைத் திருப்பிக் கொடுப்பேன் என்று சொல்வதும், கடனே இல்லை என்று சொல்வதும் ஒன்றாகுமா?

மிசிசிப்பியின் க்ளோஸ்டர் என்ற சிற்றூரில் டிராக்ஸின் பெல்லட் ஆலை வெளியேற்றிய காற்று மாசுக்காக மாநிலச் சுற்றுச்சூழல் துறை 25 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. கருப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர் அது. 2024-இல், கனடாவிலிருந்து வந்த மரத்தின் வகை பற்றிய தரவுகளைச் சரியாகத் தராததற்காக டிராக்ஸ் இரண்டரைக் கோடி பவுண்டு செலுத்த ஒப்புக்கொண்டது. உலகின் மிகப் பெரிய பெல்லட் உற்பத்தியாளரான என்விவா அதே ஆண்டு மார்ச்சில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது.

5. இருபது நாள் அவகாசம்

இதையெல்லாம் படித்துவிட்டு பெல்லட்டே மோசடி என்று முடித்துவிடலாம். பஞ்சாப் அதற்கு இடம் தரவில்லை.

நெல் பஞ்சாபியரின் பழைய பயிர் அல்ல, பழைய சாப்பாடும் அல்ல. பசுமைப் புரட்சியும் ஆழ்துளைக் கிணறும் அரசுக் கொள்முதலும் சேர்ந்து 1970-களிலிருந்து அதைக் கொண்டுவந்தன. அறுவடை இயந்திரம் கதிரை மட்டும் எடுத்துக்கொண்டு ஓரடி இரண்டடித் தாளை வயலில் விட்டுவிடும். நிலத்தடி நீர் சரிந்ததால் 2009-இல் ஒரு சட்டம் வந்தது: ஜூன் 10-க்கு முன் நாற்று நடக் கூடாது. வெயிலில் தண்ணீர் ஆவியாவதைத் தடுக்கும் நல்ல நோக்கம். ஆனால் நடவு தள்ளினால் அறுவடையும் தள்ளும். நெல் அறுத்து முடிவதற்கும் கோதுமை விதைப்பதற்கும் நடுவில் இரண்டு மூன்று வாரம்தான். அதற்குள் மாநிலம் முழுக்கக் கிடக்கும் சுமார் இரண்டு கோடி டன் தாளை அகற்ற வேண்டும். ஒரு தீப்பெட்டியின் விலை ஒரு ரூபாய் இரண்டு ரூபாய். பிறகு அக்டோபர் கடைசியில் காற்று டெல்லிப் பக்கம் திரும்புகிறது.

விவசாயியைத் திட்டுவது சுலபம். தண்ணீரைக் காப்பாற்றப் போட்ட சட்டம் காற்றைக் கெடுக்கும் வேகத்தைக் கூட்டியது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு.

இந்த வைக்கோல் ஐடஹோவின் தூள் மாதிரி. யாரும் எடுக்காவிட்டால் அந்த மாதமே புகையாகப் போகப்போவது. அதைக் குச்சியாக்கி நிலக்கரியோடு கலந்து எரித்தால் லாபம் சந்தேகமில்லாதது. டெல்லிக்குப் பக்கத்தில் உள்ள தாத்ரி நிலையத்தில் என்டிபிசி 2017-இல் இதைச் செய்து பார்த்தது. 2021 அக்டோபரில் மத்திய மின்சார அமைச்சகம் நாடு முழுவதும் உள்ள நிலக்கரி நிலையங்கள் குறைந்தது 5 சதவீதம் பெல்லட் கலக்க வேண்டும் என்று கொள்கை வகுத்தது. 2023-இல் கெடு தள்ளிப்போனது: 2024-25 நிதியாண்டிலிருந்து 5 சதவீதம், அடுத்த ஆண்டிலிருந்து 7. இதற்கான தேசிய இயக்கத்துக்கு சமர்த் என்று பெயர்.

ஏன் தள்ளிப்போனது என்பதற்கு வைக்கோலைத்தான் கேட்க வேண்டும். மரத்தில் சாம்பல் ஒரு சதவீதத்தைச் சுற்றித்தான் இருக்கும். நெல் வைக்கோலில் பதினைந்து இருபது சதவீதம் வரும், அதில் பெரும்பகுதி சிலிகா, அதாவது மணல் இனம். அச்சைத் தேய்த்தே தீர்த்துவிடும். பொட்டாசியமும் குளோரினும் கொதிகலன் குழாயில் படிந்து அரிக்கும். வருஷம் முழுக்க ஓட வேண்டிய ஆலைக்கு மூலப்பொருள் இருபது நாளில் வருகிறது. மிச்ச பதினோரு மாதத்துக்கும் போர் போட்டு, மழைக்கும் தீக்கும் காவல் இருக்க வேண்டும். வியாபாரக் கணக்குப் பார்க்கிற ஆலைக்காரருக்குக் கடலைத்தோலும் மரத்தூளும் கடுகுத் தாளும்தான் தோது. கெட்ட வைக்கோலை ஒழிக்கப் போட்ட கட்டளை நல்ல கழிவைத் தேடிப் போகும். அதன் தர்க்கம் அப்படி.

6. உபரி என்கிற கட்டம்

ஒரு சின்னக் கணக்கு. இந்திய அனல்மின் நிலையங்கள் வருடத்துக்கு எழுபது கோடி டன்னுக்கு மேல் நிலக்கரி எரிக்கின்றன. அதில் 5 சதவீதம் என்றால் மூன்றரைக் கோடி டன். பஞ்சாபின் மொத்த நெல் வைக்கோலையும் ஒரு துரும்பு விடாமல் வாரினாலும் இரண்டு கோடி. கொள்கை பஞ்சாபைப் பார்த்துப் பேசுகிறது, ஆனால் அதன் பசி நாடு முழுவதற்கும். 2021-இன் கொள்கையில் தூத்துக்குடிக்கும் மேட்டூருக்கும் அதே சதவீதம்தான்.

இதற்கு அரசிடம் பதில் இருக்கிறது. நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 23 கோடி டன் வேளாண் எச்சம் உபரி என்பது அதிகாரப்பூர்வ மதிப்பீடு. உபரி என்றால் மொத்தத்திலிருந்து தெரிந்த பயன்பாடுகளைக் கழித்தது. தெரியாத பயன்பாடு, பில் போடாத பயன்பாடு, இதெல்லாம் எந்தக் கட்டத்தில் போய் உட்காரும்? உபரியில்தான்.

நம் பக்கம் நடந்ததைப் பார்த்தால் இது விளங்கும். கரும்புச் சக்கையைக் கழிவு என்று பள்ளிப் புத்தகத்தில் படித்திருக்கிறோம். 1980-களின் நடுவில் கரூர் பக்கத்துக் காகிதபுரத்தில் டிஎன்பிஎல் ஆலை சக்கையிலிருந்து காகிதம் செய்ய ஆரம்பித்தபோது, சர்க்கரை ஆலைகள் அதைச் சும்மா தூக்கிக் கொடுக்கவில்லை. கொடுக்கவும் முடியாது. சக்கைதான் அவர்கள் கொதிகலனின் எரிபொருள். பதிலுக்கு நிலக்கரியும் நீராவியும் கொடுத்துத்தான் காகித ஆலை சக்கையை வாங்கியது. அந்த ஒப்பந்தம் நேர்மையானது. ஏனென்றால் மறுபக்கம் உட்கார்ந்து பேரம் பேச ஒரு ஆலை இருந்தது.

பேரம் பேச ஆள் இல்லாத இடத்தில்தான் சிக்கல். நெல் வைக்கோல் பஞ்சாபில் தொல்லை, தஞ்சாவூரில் மாட்டுத் தீனி. உமி அரிசி ஆலையில் நெல் புழுக்க. பருத்திமாரும் மிளகாய்மாரும் கரிசல் வீடுகளின் அடுப்புக்கு. தென்னை மட்டையும் பாளையும் பன்னாடையும் யாராவது ஒருவர் தலைச்சுமையாகக் கொண்டுபோவது. காட்டுக்காரர் எடுத்துக்கோம்மா என்று சொல்லிவிட்டுப் போவார், அவ்வளவுதான் ஒப்பந்தம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியக் கிராமப்புறத்தில் சுத்தமான எரிபொருளில் சமைக்கும் வீடுகள் 43 சதவீதம்தான். தமிழ்நாட்டு நிலைமை இதைவிட வெகுவாக மேல். ஆனாலும் நாட்டளவில் பாதிக்கும் மேற்பட்ட கிராமத்து அடுப்புகள் அப்போதும் விறகிலும் சுள்ளியிலும் வறட்டியிலும் எரிந்தன.

சீமைக்கருவேலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1877-இல் ஜமைக்காவிலிருந்து விதை வந்து அன்றைய சென்னை மாகாணத்தின் கடப்பைப் பக்கம் ஊன்றப்பட்டது. விறகுப் பஞ்சத்துக்கு மருந்தாகத்தான் வந்தது. பிறகு ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கமெல்லாம் கண்மாயும் தரிசுமாகப் பரவி, இன்று அது ஊரே சபிக்கும் மரம். 2017-இல் உயர்நீதிமன்றமே அதை அகற்றச் சொல்லி உத்தரவு போட்டது. சாபமெல்லாம் சரி. மழை பொய்த்த வருஷங்களில் அந்த முள்ளை வெட்டிக் கரிமூட்டம் போட்டுத்தான் எத்தனையோ குடும்பங்கள் உலை வைத்தன. பின்னால் தாவர எரிபொருள் மின்நிலையங்களும் அதே முள்ளைத் தேடி அந்த மாவட்டங்களுக்கு வந்தன. ஒரே மரம் சூழலியலாளருக்குக் களை, மின்நிலையத்துக்கு எரிபொருள், மூட்டக்காரருக்குப் பயிர்.

இதனால் பெல்லட் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. புகை சூழ்ந்த அடுப்பின் முன் ஒரு பெண் காலத்துக்கும் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. அவள் அடுப்பிலிருந்து சுள்ளியை எடுப்பதற்கு முன் சிலிண்டர் வாங்கும் சக்தி வந்திருக்க வேண்டும், அந்த வரிசை முக்கியம். சுள்ளிக்கு டன் கணக்கில் விலை வந்தால் காசு நிலத்துக்குச் சொந்தக்காரருக்குப் போகும். பொறுக்கிக்கொண்டு போனவருக்கு அந்த விலையில் பங்கில்லை, போனது மட்டும்தான் அவர் கணக்கு. மண்ணுக்கும் இதே நிலைமை. வயலில் மடித்து உழுத தாள் மறுவருஷம் உரம். மண் பேரம் பேசாது, மகசூல் குறைந்தபிறகுதான் அதன் புகார் தெரியும்.

நூற்று நாற்பது வருடக் கதையைத் திரும்பிப் பார்த்தால், குச்சி நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கு இயந்திரத்திடம் பதிலே இல்லை. ஒவ்வொரு குவியலின் முன்னாலும் நின்று ஒன்றே ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது: நாம் எடுக்காமல் விட்டிருந்தால் இது என்ன ஆகியிருக்கும்? லூயிஸ்டனின் மரத்தூள் கூம்புக்குள் போயிருக்கும். சங்ரூரின் வைக்கோல் டெல்லி வரை புகையாகப் பறந்திருக்கும். இரண்டையும் தாராளமாகக் குச்சியாக்கலாம். மிசிசிப்பியின் கோணல் மரம் காட்டிலேயே நின்றிருக்கும். விளாத்திகுளம் பக்கத்துப் பருத்திமார் ஒரு வீட்டில் அரிசி வேகவைத்திருக்கும். இந்த நான்கையும் ஒரே கட்டத்தில் போட்டு உபரி என்று தலைப்பு வைக்கிற அட்டவணை எதுவானாலும், அதில் யாரோ ஒருவருடைய வெற்றிடத்தைப் பூஜ்யம் என்று எழுதியிருக்கிறார்கள்.